சொல்லுக்கு ஏழு விழுக்காடுதானா? மருத்துவத் தொடர் ஆய்வுகள் குறித்து ஒரு மறுப்பு

நீண்ட பதிவு. மொழியியல், தொடர்பியல், ஆங்கில இலக்கியத் துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களும், அவர்களை நெறிப்படுத்தும் பேராசிரியர்களும் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன். கடுமையாக எழுதியிருக்கிறேன். அந்தக் கடுமையில் முதற்பங்கு எனக்கே உரியது.

சென்ற மாதம் எங்கள் துறையில், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய கருத்தரங்கு ஒன்று நடந்தது. இளைய ஆய்வாளர் ஒருவர், அமெரிக்கத் தொலைக்காட்சி மருத்துவத் தொடர் ஒன்றில் காணப்படும் சொல்சார் தொடர்பையும் சொல்சாராத் தொடர்பையும் பற்றி உரையாற்றினார். முதற்படத்திலேயே ஒரு வட்டம் தோன்றியது. உடல்மொழி 55 விழுக்காடு, குரல் 38, சொல் 7. அதன்பின் அட்டவணைகள் வந்தன: கண்தொடர்பு, கையசைவு, தலையசைப்பு, தொடுகை, உடை, நின்ற இடைவெளி. ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்ற கணக்கும் இருந்தது. முடிவுரையில், 'மருத்துவர் சொல்சாராத் தொடர்பை ஆற்றலுடன் கையாள்கிறார்' என்ற கண்டுபிடிப்பு. கேள்வி நேரத்தில் இரண்டு பேர் மேற்கோள் காட்டும் முறையைத் திருத்தினார்கள். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

எழுந்து மறுத்திருக்க வேண்டும். மறுக்காததற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய எம்.ஃபில். ஆய்வேட்டில் அதே வட்டத்தை நானும் வரைந்தேன். அதற்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. இன்று அந்த ஏட்டைத் திறந்தால் நாணுகிறேன். இந்தப் பதிவு அந்த இளைஞருக்கு எதிரானதன்று. அவருக்கும் எனக்கும் அந்த வட்டத்தை வாய்பாடுபோல் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்துக்கு எதிரானது.

என் வாதம் இது. இவ்வகை ஆய்வுகள் ஒரு தவறான எண்ணின் மீதும், திரையில் தெரியும் உடலை இயல்பான உடலென்று கொள்ளும் மயக்கத்தின் மீதும், சொல்லையும் உடலையும் இரண்டு பெட்டிகளாகப் பிரிக்கும் சோம்பலின் மீதும் நிற்கின்றன. மூன்றும் சேர்ந்து நோயாளியின் சொல்லை மலிவாக்குகின்றன. அதனால் வரும் கேடு ஆய்வேட்டோடு நிற்பதில்லை.

1. எண்ணின் கதை

55, 38, 7 என்ற எண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்னும் உளவியலாளருடையவை. 1967இல் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இரண்டு சோதனைகளிலிருந்து அவை பெறப்பட்டன. ஒன்றில், தனித்தனிச் சொற்கள் வெவ்வேறு தொனிகளில் பதிவுசெய்யப்பட்டு, கேட்போரிடம் மதிப்பீடு பெறப்பட்டது. வாக்கியங்கள் அல்ல, ஒற்றைச் சொற்கள். மற்றொன்றில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல் மூன்று தொனிகளில் ஒலிக்க, அதனுடன் முகங்களின் ஒளிப்படங்கள் காட்டப்பட்டன. பேசுபவர் எதிரில் இருப்பவரை விரும்புகிறாரா, வெறுக்கிறாரா என்பதே கேள்வி. சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது கேட்பவர் எதை நம்புகிறார் என்பதை அளக்கும் முயற்சி அது.

அவ்வளவே. உரையாடல் இல்லை, மருத்துவமனை இல்லை, நோய் இல்லை. 55 என்பது முகத்துக்கு உரிய எண். அதை 'உடல்மொழி' என்று மாற்றி எழுதியவர்கள் பின்வந்தவர்கள். அந்த ஒளிப்படங்களில் கையசைவும் இல்லை, நடையும் இல்லை. தம் சமன்பாடு விருப்பு வெறுப்பு உணர்வுகளைத் தெரிவிக்கும் சூழலுக்கு மட்டுமே பொருந்தும் என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். மூலத்தை வாசிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நாம். ஒரு கட்டுரை மற்றொரு கட்டுரையை மேற்கோள் காட்ட, அது வேறொரு மேலாண்மை நூலை மேற்கோள் காட்ட, அந்த நூலின் ஆசிரியரோ எங்கோ ஒரு பயிலரங்கில் கேட்டதை எழுதியிருக்கிறார்.

ஐயமுள்ளோர் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். எந்த மருத்துவத் தொடரின் எந்தப் பகுதியையும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முகங்களும் உடல்களும் அப்படியே இருக்கும். நோயாளிக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, அதற்கு அவர் உடன்பட்டாரா இல்லையா என்று எழுதுங்கள். 55 விழுக்காடு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும்.

2. திரையில் இருக்கும் உடல் யாருடையது?

'ஹவுஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2004 முதல் 2012 வரை எட்டுப் பருவங்கள், 177 பகுதிகள். டேவிட் ஷோர் உருவாக்கியது. நம் பல்கலைக்கழகங்களில் தொடர்பு குறித்த ஆய்வுகளுக்கு அடிக்கடி எடுக்கப்படும் தொடர்களுள் ஒன்று. ஷெர்லாக் ஹோம்ஸின் சாயலில் அமைந்த நாயகன், நியூ ஜெர்சியில் ஒரு கற்பனை மருத்துவமனை, வெண்பலகையில் நோய்க்குறிகள், வலது கையில் ஊன்றுகோல்.

அந்த ஊன்றுகோலிலிருந்தே தொடங்கலாம். நம் ஆய்வேடுகளில் அது 'பொருள்வழித் தொடர்பு' என்னும் கட்டத்தில் வரும். 'ஊன்றுகோல் அவருடைய அதிகாரத்தையும் தனிமையையும் குறிக்கிறது' என்று ஒரு வரி எழுதப்படும். ஹவுஸுக்குப் புண்பட்டது வலது கால். ஊன்றுகோலையும் வலது கையிலேயே பிடிக்கிறார். பொதுவாக இயன்முறை மருத்துவர்கள் கற்பிப்பது இதற்கு நேர்மாறு: பாதிக்கப்பட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கோலைப் பிடிக்க வேண்டும். அப்படியானால் அந்தக் கை எதைக் 'குறிக்கிறது'? கதாபாத்திரத்தின் பிடிவாதத்தையா, நடிகரின் வசதியையா, காட்சியமைப்பின் தேவையையா? தன் காலில் வலியுள்ள மனிதன் தன்னையறியாமல் வெளிப்படுத்திய குறிப்பு அன்று அது. பலர் கூடித் தீர்மானித்த ஒன்று. இதைக் கேட்காத ஆய்வு, தீர்மானத்தைத் தற்செயலென்று எண்ணிக் கணக்கிடுகிறது.

குரலும் அப்படித்தான். ஹவுஸாக நடித்த ஹியூ லாரி இங்கிலாந்துக்காரர். தொடர் முழுவதும் அவர் பேசுவது பயின்று பெற்ற அமெரிக்க உச்சரிப்பு. அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை எண்ணி 'மருத்துவரின் துணைமொழி' என்று தலைப்பிடும்போது நாம் அளப்பது மருத்துவரையன்று, ஒரு நடிகரின் உழைப்பை.

இடைவெளிக்கு வருவோம். மனிதர்கள் நிற்கும் இடைவெளிகளை எட்வர்ட் ஹால் 1966இல் வெளிவந்த நூலில் நெருக்கமானது, தனிப்பட்டது, சமூகம் சார்ந்தது, பொதுவானது என நான்காக வகுத்தார். அமெரிக்க நடுத்தர வகுப்பாரை உற்று நோக்கியே அதைச் சொன்னார். எல்லாப் பண்பாடுகளுக்கும் அது பொருந்தாது என்றும் எச்சரித்தார். நாம் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, அளவுகளை மட்டும் எடுத்துத் திரையின்மேல் வைக்கிறோம். இரண்டு நடிகர்கள் ஒரே சட்டகத்துக்குள் அடங்க வேண்டுமென்பதற்காக வாழ்க்கையில் நிற்பதைவிட நெருங்கி நிறுத்தப்படுவது படப்பிடிப்பில் வழக்கம். தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸ் அவர்களை இன்னும் ஒட்டிக் காட்டும். அந்த இடைவெளியை அளப்பவர் உறவை அளக்கவில்லை, லென்ஸை அளக்கிறார்.

முகம் இருக்கிறதே என்பீர்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகச் சொல்லப்படும் சோதனையைத் திரைப்படத் துறை மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். ஒரே நடிகரின் மாறாத முகத்துக்கு அடுத்து உணவுக் கிண்ணத்தை ஒட்டினால் பசியும், சவப்பெட்டியை ஒட்டினால் துயரும் தெரிந்தன. முகத்தின் பொருள் அடுத்த காட்சியில் இருந்தது. படத்தொகுப்பின் விளைவை நடிகரின் முகத்துக்கும், அங்கிருந்து 'மருத்துவரின் பரிவு'க்கும் ஏற்றிச் சொல்லும் நம் ஆய்வேடுகளில் குலெஷோவின் பெயரை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

வசனத்துக்கும் இதே நிலை. திரை உரையாடல் எப்போதும் ஒட்டுக்கேட்கும் ஒருவருக்காக எழுதப்படுவது என்பதை சாரா கோஸ்லாஃப் 2000இல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டினார். இரண்டு மருத்துவர்கள் தமக்கு நன்கு தெரிந்த நோயை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வது நமக்காக. அதை 'சக மருத்துவர்களிடையே தெளிவான சொல்சார் தொடர்பு' என்று வகைப்படுத்துவது, பார்வையாளராகிய நம்மை நாமே மறந்துவிடுவதாகும்.

3. தொடரே நம்மை மறுக்கிறது

நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான். நம் ஆய்வேடுகள் சொல்வதைவிடக் கூர்மையான ஒன்றைத் தொடரே சொல்லியிருக்கிறது. எண்ணிக்கொண்டிருந்ததால் நாம் அதைக் கேட்கவில்லை.

'ஹவுஸ்' தொடரின் இரண்டாம் பருவத்தில், 2006 ஜனவரியில் ஒளிபரப்பான பகுதி ஒன்று. அதன் தலைப்பின் பொருளே தொடர்பாடலில் தோல்வி என்பதுதான். ஓர் இதழாளர் மயங்கி விழுந்து எழுகிறார். எழுந்தபின் அவர் சரளமாகப் பேசுகிறார். ஆனால் எண்ணிய சொல்லுக்குப் பதில் வேறு சொல் வருகிறது. மருத்துவத்தில் இதற்குப் பேச்சிழப்பு என்று பெயர். அவருடைய முகம் அப்படியே இருக்கிறது. குரலின் ஏற்ற இறக்கம் இருக்கிறது. கோபமும் கெஞ்சலும் தெளிவாகத் தெரிகின்றன. நம் வட்டத்தின்படி 93 விழுக்காடு பழுதின்றி இருக்கிறது. ஆனாலும் அறையில் இருக்கும் ஒருவருக்கும் அவர் சொல்ல வருவது புரியவில்லை. மனைவிக்கும் புரியவில்லை.

ஹவுஸ் அந்நேரம் பனிப்புயலால் வேறோர் ஊரின் விமான நிலையத்தில் சிக்கியிருக்கிறார். நோயாளியின் முகம் அவருக்குத் தெரியாது, கையசைவு தெரியாது. தொலைபேசி வழியே வந்து சேரும் குழம்பிய சொற்கள் மட்டுமே அவர் கையில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே புதிரை அவிழ்க்கிறார். நோயாளி 'கரடி' என்கிறார். கரடியிலிருந்து துருவக் கரடி, அங்கிருந்து இருதுருவ மனநோய். அந்த நோயும், அதற்காக மறைவாகச் செய்துகொண்ட மூளை அறுவைச் சிகிச்சையும் மனைவிக்குத் தெரியாமல் காக்கப்பட்ட செய்திகள். உடல் மறைத்துக்கொண்டிருந்ததைச் சிதைந்த சொல் காட்டிக்கொடுத்தது. (ஆங்கிலத்தில் ஒலியை ஒட்டி எழும் இந்தச் சொல்விளையாட்டு, தற்செயலாகத் தமிழிலும் நிற்கிறது.)

ஒரு தொடர் தன்னைத்தானே இவ்வளவு வெளிப்படையாக விளக்கிக்கொள்ளும்போது, அதே தொடரை வைத்துக்கொண்டு 'சொல்லுக்கு 7 விழுக்காடு' என்று எழுதுவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

இது கற்பனைக் கதைதானே என்று தள்ள வேண்டாம். மெய்யான ஓர் ஆய்வும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் 'ஆம்', 'இல்லை', 'மேலும்' என்னும் மூன்று ஆங்கிலச் சொற்கள் மட்டுமே எஞ்சிய ஒரு முதியவரின் உரையாடல்களை சார்ல்ஸ் குட்வின் 1990களிலிருந்து ஆராய்ந்தார். அந்த முதியவர் அவருடைய தந்தை. மூன்று சொற்களைக் கொண்டு அவர் விருந்துக்கு அழைத்தார், மறுத்தார், நகைத்தார். எப்படி? அவர் கைகாட்ட, குடும்பத்தார் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர் 'இல்லை' என்பார். அடுத்ததைச் சொல்வார்கள். 'ஆம்' வரும்வரை பொறுமையாகத் தொடர்வார்கள். இங்கே கைகாட்டல் எவ்வளவு, குரல் எவ்வளவு, சொல் எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? அவருடைய சைகைக்குப் பொருள் தந்தது பிறர் சொற்கள். பிறர் சொற்களுக்கு ஒப்புதல் தந்தது அவருடைய ஒரு சொல். உடலசைவியலுக்கு அடித்தளமிட்ட ரே பேர்ட்விஸ்டலும், எந்தச் சைகைக்கும் சூழலைவிட்டுத் தனித்த நிலையான பொருள் இல்லை என்றே வற்புறுத்தினார். அவரை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே 'கைகட்டி நிற்றல் = தற்காப்பு' என்று அட்டவணை போடுகிறோம்.

4. ஒரு சொல்லின் எடை

மருத்துவ உரையாடலில் சொல்லுக்கு உண்மையில் என்ன எடை? மெய்யான மருத்துவ அறைகளில் செய்யப்பட்ட இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

1984இல் பெக்மனும் ஃபிராங்கெலும் 74 மருத்துவச் சந்திப்புகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 17இல் மட்டுமே நோயாளி தம் தொடக்க முறையீட்டை முழுமையாகச் சொல்லி முடித்தார். மற்றவற்றில் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் இடைமறித்தார்.

2007இல் ஜான் ஹெரிடேஜும் சக ஆய்வாளர்களும், 'வேறு ஏதேனும் உண்டா' என்று நோயாளியிடம் கேட்கும் வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தனர். ஆங்கிலத்தில் எதிர்மறை விடையை எதிர்நோக்கும் சொல் ஒன்றும், உடன்பாட்டு விடையை எதிர்நோக்கும் சொல் ஒன்றும் உண்டு. பின்னதைக் கொண்டு கேட்டபோது, நோயாளிகள் மனத்தில் வைத்துக்கொண்டே சொல்லாமல் திரும்பும் குறைகள் 78 விழுக்காடு நீங்கின. முன்னதைக் கொண்டு கேட்டபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இதைத் தமிழில் எண்ணிப் பாருங்கள். 'வேற ஏதாவது இருக்கா?' என்று கேட்டால் 'இல்லைங்க' என்று எழுந்துவிடுகிறோம். 'வேற என்ன பண்ணுது?' என்று கேட்டால் உட்கார்ந்து சொல்லத் தொடங்குகிறோம். இந்த வேறுபாடு தமிழ், இந்தி, தெலுங்கு மருத்துவ அறைகளில் எப்படிச் செயல்படுகிறது என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தகுதியான கேள்வி. ஹவுஸ் எத்தனை முறை புருவத்தை உயர்த்தினார் என்பது தகுதியான கேள்வி அன்று.

5. என் வீட்டுக் கதை

இதை எழுதத் தயங்கினேன். ஆனால் என் சினத்தின் வேர் இங்கே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா ஊரிலிருந்து நான் படிக்கும் வட இந்திய நகரத்துக்கு வந்திருந்தார். இரண்டாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'மயக்கமா வருதுப்பா' என்றார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. இடையில் நான், தொடர்பாடலில் ஆய்வு செய்பவன்.

மருத்துவர் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். 'மயக்கம்' என்ற சொல்லை 'பேஹோஷி' என்றேன். நினைவிழப்பு என்று பொருள். என் எம்.ஃபில். ஏடு என் தலைக்குள் இருந்ததோ என்னவோ, அம்மாவின் முகத்தையும் சோர்ந்த தோள்களையும் சுட்டிக்காட்டி, 'பாருங்கள், எப்படி இருக்கிறார்' என்றும் சொன்னேன். மருத்துவரும் பார்த்தார். அம்மாவோ மரியாதைக்காகச் சிரித்தார். எதைக் கேட்டாலும் தலையை இருபுறமும் ஆட்டினார். அது ஆமா, இல்லையா, 'நீங்க சொன்னாச் சரி'யா என்று அந்த அறையில் எவருக்கும் தெரியவில்லை. நினைவிழப்பு என்று நான் சொன்னதால் அதற்குரிய வழியில் எல்லாம் நடந்தன. மூளை ஸ்கேன், இரண்டு நாள் படுக்கை, வலிப்பு உண்டா என்ற விசாரணை. மருத்துவர் தவறேதும் செய்யவில்லை. என் சொல்லை நம்பினார்.

இரண்டாம் இரவு, பணியில் இருந்த கேரளச் செவிலியர் ஒருவர் தமக்குத் தெரிந்த தமிழில் அம்மாவிடம் கேட்டார்: 'அம்மா, நெனவு தப்பிப் போச்சா, இல்ல தல சுத்துச்சா?' அம்மா உடனே சொன்னார்: 'நெனவெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. எந்திரிச்சாலும் பொரண்டு படுத்தாலும் வீடே சுத்துது.' காதோடு தொடர்புடைய தலைச்சுற்றல். இந்தியில் 'சக்கர்' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கும் அது தெரியும். மறுநாள் வீடு திரும்பினோம்.

அம்மா அன்று சொன்னதைப் பதிவிலிருந்து நீக்க முடியாது: 'என்னையே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா.'

தமிழில் 'மயக்கம்' என்பது தலைச்சுற்றல், நினைவிழப்பு, கிறக்கம் எல்லாவற்றுக்கும் ஆகிவரும் சொல். அதன் எந்தப் பொருள் என்பதை அம்மாவின் முகம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. இன்னொரு சொல்லால் கேட்டபோதுதான் தெளிந்தது. நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறு மொழி பேசும் இந்த நாட்டில், 'சொல் 7 விழுக்காடுதான்' என்று கற்பிப்பது, மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று கற்பிப்பதற்குச் சமம். சிரித்துத் தலையசைத்தால் போதும், உடல்மொழி பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதற்குச் சமம்.

2019 முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் ஆகியவற்றுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அதைக் கற்பிக்க வருவோர் துணைநூல் தேடினால் அவர்கள் கைக்குக் கிடைப்பவை யார் எழுதியவை? நாம் எழுதியவை. மருத்துவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் அதே வட்டத்தை நானே திரையில் கண்டேன். நம் துறையின் சோம்பல் அங்கே பாடமாகிவிட்டது.

6. எதிர்வாதங்கள்

'சொல்சாராத் தொடர்பு முக்கியமில்லை என்கிறீர்களா?' இல்லை. கட்டிலருகே அமர்ந்து பேசும் மருத்துவருக்கும் வாசலில் நின்று பேசும் மருத்துவருக்கும் வேறுபாட்டை நோயாளி உணர்வார். அதை மருத்துவமனையில் ஆராயுங்கள். திரையில் எண்ணிவிட்டு மருத்துவமனைக்குப் பரிந்துரை எழுதாதீர்கள்.

'மேலைக் கோட்பாடுதானே சிக்கல்? மெய்ப்பாட்டியலைப் பொருத்தலாமே?' இதைத் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றைப் பட்டியலின் தலைப்புகளாக்கி அதே எண்ணிக்கையைச் செய்தால் பிழை தமிழாகிவிடும், சரியாகிவிடாது. தொல்காப்பியர் ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு களன்களைக் கூறுகிறார். அழுகை இளிவாலும் வரும், இழவாலும் வரும், அசைவாலும் வரும், வறுமையாலும் வரும். கண்ணீரைக் கண்டால் போதாது, களனைக் கேள் என்பதே அதன் உள்ளுறை. அந்த உள்ளுறையை எடுத்துக்கொள்பவர் அட்டவணை போட மாட்டார்.

'தொடரில் ஆட்டிசம் உள்ள மருத்துவரைக் காட்டுகிறார்களே, அங்கே உடல்மொழி ஆய்வு பயன்படாதா?' 2017 முதல் 2024 வரை ஒளிபரப்பான 'தி குட் டாக்டர்' தொடரைக் குறிப்பிடுகிறார்கள். அங்கேதான் இந்த முறை மிகக் கொடியது. கண்தொடர்பைத் தவிர்ப்பதைக் 'குறைபாடு' என்ற கட்டத்தில் எண்ணுகிறோம். ஆட்டிசம் உள்ளோருக்கும் பிறருக்கும் இடையிலான புரிதலின்மை இருவழிப்பட்டது என்று டேமியன் மில்டன் 2012இலேயே வாதிட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். நம் வகுப்பறையிலும் அத்தகைய மாணவர்கள் இருக்கிறார்கள். நம் அட்டவணையை வாசிக்கும்போது அவர்கள் தம்மைக் குறைகளின் கூட்டுத்தொகையாகக் காண்கிறார்கள்.

'முனைவர் பட்ட மாணவருக்கு இது பயிற்சிதானே? கட்டுரை வெளியிட வேண்டிய நெருக்கடி இல்லையா?' ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் நீக்கிவிட்டது. நெருக்கடி இன்னும் எஞ்சியிருக்கிறது. நேர்காணல்களில் எண்ணிக்கைதான் கேட்கப்படுகிறது. அதை அறிவேன். ஆனால் தவறான எண்ணை மறுபடி எழுதுவது எதற்கும் பயிற்சியாகாது.

7. என்ன செய்யலாம்?

மருத்துவத் தொடர்களை ஆராய வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை ஆய்வுக்குரியவை. அவற்றிடம் கேட்கத்தக்க கேள்விகளைக் கேட்போம்.

தொடர்பாடலைப் பற்றி அந்தத் தொடர் என்ன நம்புகிறது என்று கேட்கலாம். எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது ஹவுஸின் தாரக மந்திரம். முதற்பகுதியில் நோயாளியைச் சந்திக்காமலேயே நோயைக் கண்டறிய முயல்கிறார். அவருடைய குழுவினர் நோயாளியின் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து தடயம் தேடுகிறார்கள். நோயாளியின் சொல்லை ஐயுற்று உடலையும் வீட்டையும் சாட்சிக்கு அழைக்கும் இந்தக் கதையமைப்பு ஏன் இத்தனை கோடிப் பேருக்குப் பிடித்தது? சொல் நம்பத்தகாதது, உடலே உண்மை பேசும் என்ற அதே எண்ணம் நம் வட்டத்திலும் இருக்கிறதல்லவா? இது ஓர் ஆய்வுக் கேள்வி.

அடுத்து, ஒரு காட்சியை எடுத்தால் முழுமையாக எடுக்கலாம். ஒரே உரையாடலின் சொல், இடைநிறுத்தம், பார்வை, காட்சிக்கோணம், வெட்டு ஆகியவற்றை ஒருங்கே எழுதிப் பார்க்கலாம். 177 பகுதிகளில் தலையசைப்பை எண்ணுவதைவிட நான்கு நிமிடக் காட்சி அதிகம் கற்பிக்கும். தொடரின் மருத்துவ அறையை மெய்யான மருத்துவ அறையின் பதிவோடு, உரிய ஒப்புதலும் அறநெறிக் குழுவின் அனுமதியும் பெற்று, ஒப்பிடலாம். கடினம்தான். எளிதாக இருந்திருந்தால் ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் 55, 38, 7 என்று எழுதிக் கொண்டுவந்தால், 1967ஆம் ஆண்டுக் கட்டுரைகளை வாசித்தாயா என்று மட்டும் கேளுங்கள். என்னிடம் எவரேனும் கேட்டிருந்தால் நான் வாசித்திருப்பேன்.

கருத்தரங்கில் பேசிய இளைஞரை நேற்று சந்தித்தேன். கைதட்டியதற்கு வருத்தம் தெரிவித்து, இங்கே எழுதியவற்றை அவரிடம் நேரில் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, 'சமர்ப்பிக்க இன்னும் மூன்று மாதம் இருக்கு அண்ணா, அந்த அத்தியாயத்தை மாத்திடலாமா?' என்று கேட்டார். மாற்றலாம் என்றேன். நாளை மாலை நூலகத்தில் இருவரும் அமர்கிறோம். பேச்சிழப்பு நோயாளி வரும் அந்த ஒரு பகுதியிலிருந்து தொடங்குவதாகத் திட்டம்.

மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுங்கள். பிழையிருப்பின் திருத்திக்கொள்கிறேன்.